மிதக்கிற வைரம்

என் மரியாதைக்கும் ஓரளவு பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, உன் தம்பி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் தம்பி மனைவியும் சுகம். மகளும் சுகம்தான், ஆனால் சாப்பிடும்போது யாரோடும் பேசுவதில்லை. அங்கே உன் மூட்டுவலியும் அத்தானின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாள் முழுக்க மரத்தூளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இருமலுக்கு மருந்து குடித்தால் எப்படிக் குறையும் என்று நான் கேட்டதாக அத்தானிடம் சொல்ல வேண்டாம். மரக்கடையை மூடச் சொல்கிறான் என்று கோபித்துக்கொள்வார்.

போனில் சொல்லாமல் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். போனில் நான் "அக்கா" என்று ஆரம்பித்தால் மிச்சத்தை எல்லாம் நீயே பேசிவிடுகிறாய். போன தடவை நாம் பேசியதில் என் பங்கு "ம்" மட்டும்தான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் மருமகளின், அதாவது என் மகளின், கல்யாண மோதிரம் மர மோதிரம். மரத்தில் செய்தது. வைரம் இல்லை. நீ குடும்ப குரூப்பில் மாப்பிள்ளை வைர மோதிரம் போடுகிறார் என்று போட்டாயே, அதை நீயே உன் கையால் மாற்றிப் போட வேண்டும். மோதிரம் மரம்தான், இதில் மாற்றமில்லை.

இப்போது உனக்குக் கோபம் வந்திருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மேலே படி. ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

மகள் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்ன அன்றே மோதிரத்தைப் பற்றியும் சொல்லிவிட்டாள். "அப்பா, எனக்கு நாள் பூரா தண்ணிக்குள்ள வேலை. நீச்சல் சொல்லிக் கொடுக்கறவளுக்குத் தங்கம் எதுக்கு? குளிர்ல விரல் சுருங்கும், வழுக்கிட்டுப் போயிடும். குளத்துல கொட்டற மருந்து வேற, அது பட்டா எதுவும் உருப்படாது. கையில இருக்கறதை வச்சு அவர் தச்சுப் பட்டறைக்குக் கூரை மாத்தணும், நாங்க குடியிருக்க வீடு பாக்கணும். எனக்கு ஏத்த மாதிரி, கையைக் கடிக்காத மாதிரி ஒரு மோதிரம் போதும்" என்றாள். பெண்ணைப் பெற்றவன் இதைக் கேட்டுக் கண் கலங்கியிருக்க வேண்டும். எனக்கு உற்சாகம்தான் வந்தது. பம்பு கம்பெனியில் தரம் பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் தரம் பார்க்கச் சமையல் ஒன்றுதான் இருந்தது, அதைப் பார்க்கக்கூடாது என்று உன் தம்பி மனைவி முதல் வாரமே சொல்லிவிட்டாள். அதனால் இந்த மோதிர விவகாரத்தை நான் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டேன். என் சுண்டுவிரலும் மகளின் மோதிர விரலும் ஒரே அளவு. எந்த மோதிரமானாலும் முதலில் என் சுண்டுவிரலில் தேற வேண்டும், பிறகுதான் அவள் விரலுக்குப் போகும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

முதலில் வந்தது ரப்பர் மோதிரம். விளையாட்டுச் சாமான் கடையில் விற்கிறார்கள், ஓடுகிறவர்களும் பளு தூக்குகிறவர்களும் போட்டுக்கொள்வார்களாம். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. என் விரலில் அருமையாக உட்கார்ந்தது. குளிக்கும்போது அதைக் கழற்றிச் சமையலறை மேடையில் வைத்ததுதான் நான் செய்த தப்பு. வந்து பார்த்தால் காணோம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். கட்டிலுக்கு அடியில், சோபா இடுக்கில், துவைக்கப் போட்ட துணியில் என்று மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் தேடினோம். அப்போது உன் தம்பி மனைவி காப்பி போட சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்தாள், பொட்டலத்தின் கழுத்தில் கல்யாண மோதிரம் இருந்தது. ரப்பர் பேண்டு என்று நினைத்து மாட்டியிருக்கிறாள். "நல்லா இறுக்கமா நிக்குது, இதே மாதிரி இன்னும் நாலு வாங்கிட்டு வாங்க" என்றாள். மகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உனக்கே இருக்கட்டும்" என்றாள். சர்க்கரைக்கு வாக்கப்பட்ட மோதிரத்தை என் பெண் எப்படிப் போட்டுக்கொள்வாள்? தேறவில்லை என்று தள்ளிவிட்டேன்.

அடுத்தது எஃகு மோதிரம். என் பழைய கம்பெனியில் கடைசல் பிடிக்கிற நண்பரிடம் சொல்லி, பம்பின் நடுத்தண்டு செய்கிற எஃகில் கடையச் சொன்னேன். துருப் பிடிக்காது, தேயாது, வளையாது. கண்ணாடி மாதிரி பளபளத்தது. பெருமையோடு சுண்டுவிரலில் மாட்டினேன். மாட்டியது மாட்டியதுதான். அன்று வெயில், விரல் வீங்கியிருந்திருக்கிறது. சோப்பு போட்டோம், எண்ணெய் போட்டோம், உன் தம்பி மனைவி ஒரு பக்கம் மோதிரத்தை இழுக்க, மகள் இன்னொரு பக்கம் என்னை இழுக்க, நான் நடுவில் நின்று கத்த, கீழ்வீட்டுக்காரர் மாடி ஏறி வந்து, "குடும்பச் சண்டையா, நான் அப்புறம் வரட்டுமா?" என்று கேட்டார். கடைசியில் தெருமுனை மருத்துவமனையில் ஒரு நர்ஸம்மா தையல் நூலை விரல் நுனி வரைக்கும் நெருக்கிச் சுற்றி, நூல் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து அவிழ்த்தார், அவிழ்க்க அவிழ்க்க மோதிரம் நகர்ந்து வந்துவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்து, "புது மாப்பிள்ளையா சார்?" என்று கேட்டதை உன் தம்பி மனைவி இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். அதே மோதிரத்தை மகள் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போனாள். அவளிடம் ஒரு கனமான மனிதர் நீச்சல் பழகுகிறார். பழகுகிறார் என்றால் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான். அன்று கம்பியை விட்டுவிட்டு இவள் கையைப் பிடித்திருக்கிறார், பிடித்த பிடியில் மோதிரம் உருவிக்கொண்டு போய், ஆழத்தில் இறங்கி, தண்ணீர் வெளியேறுகிற துவாரத்தில் விழுந்துவிட்டது. குளத்து மேலாளர், ஒரு மோதிரத்துக்காகக் குளத்தை வடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். என் விரலை விட்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்தது, அவள் விரலில் அரைநாள் தங்கவில்லை. தேறவில்லை.

இதற்கெல்லாம் மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்பாய். அவர் எதுவும் சொல்லவில்லை. நீ ஒரு தடவை போனில் பேசியிருக்கிறாய், அவர் எவ்வளவு பேசுவார் என்று உனக்கே தெரியும். உன்னோடு பேசினால் அவருக்கு "ம்" கூடக் கிடைக்காது. அவர் பாட்டுக்குப் பட்டறையில் ஒரு துண்டு மரத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னவோ செய்துகொண்டிருந்தார். அந்த மரம் எது தெரியுமா? குளத்தங்கரையில் உட்கார ஒரு நீள பெஞ்சு செய்யத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வேலைக்குப் போன இடத்தில்தான் இவளைப் பார்த்தது. ஒரு வாரத்தில் முடிகிற பெஞ்சை மாதக்கணக்கில் செய்தாராம். அதில் மிஞ்சின துண்டு. முதலில் அதைக் குடைந்து ஒரு மோதிரம் செய்து கொண்டுவந்தார். என் சுண்டுவிரலை மடக்கினேன், படக்கென்று இரண்டாகிவிட்டது. எனக்கே சங்கடமாகிவிட்டது. அவர் உடைந்ததைப் பொறுக்கி ஜேபியில் போட்டுக்கொண்டு, "மர ரேகை குறுக்க ஓடுது மாமா, நிக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வேறொன்று வந்தது. இழைக்கிற மெஷினில் அந்தத் துண்டை மெல்லிசான சீவலாகச் சீவி, வெந்நீரில் வேகவைத்து, ஒரு குழாயின் மேல் சுருட்டிச் சுருட்டிப் பசை போட்டுக் காயவைத்து, தேய்த்து, எண்ணெயும் மெழுகும் ஏற்றிக் கொண்டுவந்தார். விரலை மடக்கினேன், நீட்டினேன், மேசையில் தட்டினேன், உன் தம்பி மனைவி பூரிக்கட்டையைக் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை. எடையே தெரியவில்லை அக்கா. போட்டிருக்கிறோமா இல்லையா என்று தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு வாளியில் தண்ணீர் பிடித்து அதைப் போட்டேன். மிதந்தது. அமுக்கினேன், மேலே வந்தது. அடிவரைக்கும் கொண்டுபோய் அழுத்திப் பிடித்திருந்து விட்டேன், அவசரமே படாமல் மேலே வந்து நின்றது. ஆயுள் முழுக்க இரும்பைத் தண்ணீருக்குள் இறக்கியவன் நான், அன்று வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்க வெகுநேரமாயிற்று. மகள் அதைப் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போனாள். அதே கனமான மனிதர் மறுபடியும் கையைப் பிடித்து உருவிவிட்டார். இந்தத் தடவை மோதிரம் போய்ச் சேரவில்லை, அவர் மூக்குக்கு நேராக மிதந்தது. அவர் பதறிப்போய் கம்பியை விட்டுவிட்டு அதைத் துரத்திக்கொண்டு நீந்தியே போய்விட்டார். எட்டிப் பிடித்த பிறகுதான் தான் நடுக்குளத்தில் இருப்பது அவருக்குத் தெரிந்ததாம். என் பெண் சொல்லிக்கொடுத்து வராத நீச்சலை மாப்பிள்ளையின் மோதிரம் சொல்லிக்கொடுத்துவிட்டது. தேறியது! என் வேலைக்காலத்தில்கூட நான் இவ்வளவு மனப்பூர்வமாக ஒன்றுக்குத் தேர்ச்சி கொடுத்ததில்லை.

பராமரிப்பு கஷ்டம் என்று நீ சொல்வாய், சொல்லு. எல்லாம் கேட்டு வைத்திருக்கிறேன். நனைந்தால் உடனே துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், வெயில் படுகிற ஜன்னலில் காயப்போடக் கூடாது, வெந்நீரில் பாத்திரம் கழுவும்போது கழற்றிவிட வேண்டும் (இதைக் கேட்டதும் பாத்திரமே கழுவ மாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள், அது அவர்கள் பாடு), மாதம் ஒரு தடவை ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும். அப்படியும் என்றாவது ஒருநாள் விரிசல் விடத்தானே செய்யும் என்று மாப்பிள்ளையை மடக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "விடும் மாமா. விட்டா வேற செஞ்சு தருவேன். அந்தத் துண்டுல எங்க ஆயுசுக்கும் சீவல் இருக்கு" என்றார். இதைவிட ஒரு மாப்பிள்ளை என்ன உத்தரவாதம் கொடுக்க வேண்டும், நீயே சொல்.

இந்த நேரத்தில்தான் நீ வந்தாய். அதாவது போனில் வந்தாய். மோதிரம் எதில் என்று அவரிடம் கேட்டாய். அவர், "வைரம்தான் அத்தை. நல்லா வைரம் பாஞ்ச துண்டு" என்றார். பக்கத்தில்தான் நின்றேன், என் காதால் கேட்டேன். அக்கா, உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். மரத்துக்கு நடுவில் கறுத்து, இறுகி, பூச்சி அரிக்காமல் இருக்கிற பாகம் ஒன்று உண்டு. அதற்குத்தான் தச்சர்கள் வைரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைரக்கல்லுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நீ அவர் பேச்சை முழுசாகக் கேட்டாயோ இல்லையோ, "ஆகா, பேஷ்" என்று போனை வைத்துவிட்டாய். அன்று சாயங்காலமே குரூப்பில், "நம் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வைரத்தில் மோதிரம் போடுகிறார். அவரே பார்த்து எடுத்தது. இப்படி ஒரு வைரத்தை நம் குடும்பத்தில் இதுவரை யாரும் விரலில் போட்டதில்லை" என்று போட்டுவிட்டாய். சித்தப்பா மருமகள் வாயைப் பிளக்கிற பொம்மைப் படம் அனுப்பினாள். பெரியப்பா மகன், "எத்தனை கேரட்?" என்று கேட்டான். அதற்கு நீ என்ன பதில் போட்டாய் என்று ஞாபகமிருக்கிறதா? "எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று போட்டாய்! ஆள் கூடக் கூட வைரம் பெருகுமா அக்கா? பெருமை பேசுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

இதுவரைக்கும் நடந்தது சிரிப்பு. இனிமேல் எழுதுவது சிரிப்பில்லை. உன் செய்தியைப் பார்த்த கையோடு நான் பட்டறைக்கு ஓடினேன். "மாப்பிள்ளை, எங்க அக்கா வைரக்கல்லுன்னு நெனச்சு எல்லார்கிட்டயும் தம்பட்டம் அடிச்சுட்டா. இப்ப மரம்னு தெரிஞ்சா அவளுக்குத் தலைகுனிவு, கல்யாணத்துக்கே வரமாட்டா" என்று சொன்னேன். மறுநாள் அந்தப் பக்கம் போனால், பட்டறைக் கதவில் ஓர் அட்டை தொங்குகிறது. இழைக்கும் மெஷின் விற்பனைக்கு. உன் வாக்கைக் காப்பாற்ற, அவர் தனக்குச் சோறு போடுகிற மெஷினை விற்று ஒரு பொடிக் கல்லாவது வாங்கப் போகிறாராம்! மகள் போய் அட்டையைக் கிழித்தாள். அவர் வேறு அட்டை எழுதி மாட்டினார். "பெரியவங்க மனசு நோகக் கூடாது" என்கிறார். "மெஷினை வித்துட்டு வர்றதா இருந்தா நீங்க வரவே வேண்டாம்" என்று இவள் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அடுத்த வாரம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள். அந்த மெஷினில் சீவிய மோதிரம் இங்கே என் மேசைமேல் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், இதில் நான் ஓர் அங்குலம்கூட நகரப்போவதில்லை. சின்ன வயதிலிருந்து நீ சொன்னதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். நீ படிக்கச் சொன்ன பள்ளியில் படித்தேன், நீ பார்க்கச் சொன்ன பெண்ணைக் கட்டினேன் (அதில் குறை ஒன்றுமில்லை, இதை அவளும் படிப்பாள்). இந்த ஒரு விஷயத்தில் தலையாட்ட மாட்டேன். நீ செய்த குழப்பத்தை நீதான் தீர்க்க வேண்டும். நீ யோசிக்காமல் வாயை விட்டாய், இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை நடுத்தெருவில் நிற்கிறது. நீ குரூப்பில் மரம் என்று எழுத வேண்டும், மாப்பிள்ளையைக் கூப்பிட்டு நீ வருத்தம் தெரிவிக்க வேண்டும், பிறகு நீ கல்யாணத்துக்கு வர வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அத்தை வராத கல்யாணத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மகள் சொல்கிறாள். எனக்கும் நீ இல்லாமல் அந்த அறையில் நிற்கத் தெரியாது அக்கா. எங்கே நிற்க வேண்டும் என்று நீதானே எப்போதும் சொல்வாய்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் மூட்டுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொள், மர மோதிரத்துக்கும் அதுதான் வைத்தியம். கடுமையாக ஏதாவது எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டாம், எழுத வேண்டும் என்றுதான் எழுதினேன்.

இப்படிக்கு,
இந்த முறை பின்வாங்காத,
உன் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டி, ஸ்டாம்பையும் ஒட்டிவிட்டு, செருப்பைத் தேடும்போது நீ போன் செய்தாய். என்ன பேசினோம் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் உறையைப் பிரித்து அதையும் எழுதிவைக்கிறேன், எழுதினால்தான் எனக்கு மனசு அடங்கும்.

"ஏன்டா, மாப்பிள்ளை மெஷினை விக்கறாராமே? அத்தான் கடைக்கு வந்த ஆளு சொல்றான். மெஷின் போச்சுன்னா மோதிரத்தை எதுலடா சீவுவார்?" என்று ஆரம்பித்தாய்.

"எந்த மோதிரத்தை?" என்றேன்.

"வைர மோதிரத்தைத்தான். பின்னே, அதைப் பல்லால கடிச்சா சீவ முடியும்?"

"அக்கா, வைரம்னா மரம்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மரக்கடைக்காரரைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷமா விடிஞ்சா வைரம், அடைஞ்சா வைரம்னு கேட்டுக் காது புளிச்சுப் போச்சுடா. எனக்கு வேற எந்த வைரத்தைத் தெரியும்? உங்க அத்தான் வேற எதை வாங்கிக் குடுத்தார்? மரத்துல மோதிரம், அதுவும் வைரத்துல, கேக்கவே எவ்வளவு லட்சணமா இருக்கு! அதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"அப்ப எத்தனை கேரட்டுன்னு கேட்டதுக்கு?"

"விருந்துக்குக் காய் வாங்கக் கேக்கறான்னு நெனச்சேன். கறிகாய் கணக்கை என்கிட்ட ஏன் கேக்கறான்னு எனக்கே புரியலை."

நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. நீ பேசாமல் இருந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. பிறகு, "அப்ப நான் கல்லுன்னு நெனச்சதா அந்தப் பிள்ளைகிட்ட யார்டா போய்ச் சொன்னது?" என்று கேட்டாய்.

"ம்" என்றேன்.

உன் உத்தரவை அப்படியே நிறைவேற்றுகிறேன். உனக்கும் அத்தானுக்கும் ஆளுக்கொரு வைர மோதிரம் அந்த மெஷினிலேயே சீவிக் கல்யாணத்துக்குள் செய்து தர வேண்டும், மெஷினை விற்றால் அத்தை முகத்தில் விழிக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லப் போகிறேன். பெரியவர்கள் மனது நோகக் கூடாது என்கிறவர் இதற்கு மேல் என்ன பேச முடியும்? மகள் எனக்கு முன்னாலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அட்டையை அவள்தான் கழற்றுவாளாம். "அப்பா, அங்க வந்து நீங்க வாயே திறக்காதீங்க, நான் பேசிக்கறேன்" என்கிறாள். குரல் அச்சு அசல் உன்னைப் போலவே இருக்கிறது.

எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, ஸ்டாம்பும் வீணாகிவிடும். அதனால் இதைத் தபாலில் போடுகிறேன். மேலே உன்னைக் குற்றம் சொல்கிற வரிகளில் "நீ" என்று வருகிற இடத்திலெல்லாம் "என் தம்பி" என்று வைத்துப் படித்துக்கொள். முதல் பக்கத்தில் "மோதிரம் மரம்தான், இதில் மாற்றமில்லை" என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதை மட்டும் மாற்றாதே.